நடுவில் மாட்டிய டி டிரைவ்: சிதறிக் கிடக்கும் காலி இடங்களை ஒரே பார்ட்டிஷனாக்க முழு வழிகாட்டி

போன மாதம் அக்கா மகன் தன் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். "மாமா, டிஸ்க்குல நானூறு ஜிபிக்கு மேல சும்மா கிடக்கு, ஆனா ஒரே டிரைவா வர மாட்டேங்குது." திறந்து பார்த்தால் அவன் சொன்னது சரிதான். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில், எந்த டிரைவுக்கும் ஒதுக்காத இடம் என்ற பொருளில், அன்அலோகேட்டட் என்று மூன்று இடத்தில் கறுப்புப் பட்டை. எதில் ரைட் கிளிக் செய்தாலும் ஒன்றோடு ஒன்றைச் சேர்க்கும் வழி மெனுவில் இல்லை. டி டிரைவில் ரைட் கிளிக் செய்தால் ஒரு பக்கத்து இடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்கிறது, மற்ற இரண்டையும் கண்டுகொள்வதே இல்லை.

அந்த டிஸ்க்கின் கதை இது. பெட்டியில் 1 டிபி என்று போட்டிருக்கும், விண்டோஸ் கணக்கில் 931.5 ஜிபி. இடமிருந்து வலமாக: 100 எம்பி இஎஃப்ஐ பார்ட்டிஷன் (பார்ட்டிஷன் என்பது டிஸ்க்கில் தனியாகப் பிரித்த ஒரு பகுதி, இஎஃப்ஐ விண்டோஸைக் கிளப்பும் ஃபைல்கள் இருக்கும் பகுதி), 200 ஜிபி சி, 150 ஜிபி காலி, 300 ஜிபி டி, 48 ஜிபி காலி, அரை ஜிபி ரெகவரி பார்ட்டிஷன், கடைசியில் 233 ஜிபி காலி. முதல் காலி, அவன் சி-யைச் சுருக்கி லினக்ஸ் போட்டுப் பார்த்துவிட்டு அழித்தது. இரண்டாவது, முன்பு இ டிரைவாக இருந்தது. மூன்றாவது, 750 ஜிபி டிஸ்க்கிலிருந்து இதற்கு அப்படியே குளோன் செய்தபோது வாலில் மிஞ்சியது. மொத்தம் 431 ஜிபி. உங்கள் டிஸ்க்கில் எண்கள் வேறாக இருக்கும், ஆனால் கதை பெரும்பாலும் இதே மாதிரிதான் இருக்கும், அதனால் இந்த டிஸ்க்கை வைத்தே சொல்லிக்கொண்டு போகிறேன்.

ஏன் சேர மாட்டேன் என்கிறது?

அன்அலோகேட்டட் என்பது ஒரு பொருள் இல்லை. டிஸ்க்கின் தொடக்கத்தில் பார்ட்டிஷன் டேபிள் என்று ஒரு சின்ன அட்டவணை இருக்கிறது. அதில் "இந்தப் பார்ட்டிஷன் இந்த செக்டரில் தொடங்கி இந்த செக்டரில் முடிகிறது" என்று மட்டும்தான் எழுதியிருக்கும் (செக்டர் என்பது டிஸ்க்கின் சின்னச் சின்னத் துண்டு). எந்த வரியிலும் வராத செக்டர்களுக்கு நாம் வைத்த பெயர்தான் அன்அலோகேட்டட். காலி இடத்துக்கென்று அட்டவணையில் ஒரு வரிகூடக் கிடையாது, இல்லாத வரியை எப்படி இன்னொரு இல்லாத வரியோடு சேர்ப்பது? அதோடு ஒரு பார்ட்டிஷனுக்கு ஒரு தொடக்கம், ஒரு முடிவு மட்டும்தான் உண்டு, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று இரண்டு துண்டாக எழுத அதில் வசதி இல்லை.

பஸ்ஸில் மூன்று பேர் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், இரண்டு பக்கமும் காலி. ஒரு குடும்பமாக ஏறிய இரண்டு பேர் சேர்ந்து உட்கார வேண்டும் என்றால் என்ன சொல்கிறோம்? "அண்ணே, கொஞ்சம் தள்ளி உட்காருங்க." காலி இடத்தை யாரும் நகர்த்துவதில்லை, ஆள்தான் நகர்கிறார். இங்கேயும் அதேதான். நாம் செய்யப்போவது காலி இடங்களை இணைப்பது இல்லை, நடுவில் இருப்பதை நகர்த்துவது. நடுவில் இருப்பது போய்விட்டால் காலி இடங்கள் தானாகவே ஒன்றாகிவிடும், அதற்கென்று தனிப் பட்டன் எதுவும் தேவையில்லை. ஆனால் அந்த ஆள் மடியில் உங்கள் பத்து வருடப் போட்டோ இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் உங்களுடையது எந்த வகை என்று பாருங்கள்

விண்டோஸ் விசையையும் எக்ஸ் விசையையும் சேர்த்து அழுத்தினால் வரும் மெனுவில் டிஸ்க் மேனேஜ்மென்ட் இருக்கும். திறந்ததும் செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஏதாவது குழம்பினால் "முன்னே எப்படி இருந்தது" என்பதற்கு அந்தப் போட்டோ தவிர வேறு சாட்சி இருக்காது.

இப்போது நிறத்தைப் பாருங்கள். கறுப்புப் பட்டை அன்அலோகேட்டட். வெளிர் பச்சையில் ஃப்ரீ ஸ்பேஸ் என்று இருந்தால் அது வேறு. பார்ட்டிஷன் டேபிளை எழுதும் பழைய முறையான எம்பிஆர் வகை டிஸ்க்கில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன்தான் போட முடியும், அதைத் தாண்டுவதற்காக எக்ஸ்டெண்டட் என்று ஒரு பெரிய டப்பா வைத்து அதற்குள் லாஜிக்கல் டிரைவ்களைப் போடுவார்கள். வெளிர் பச்சை அந்த டப்பாவுக்குள் இருக்கும் காலி, கறுப்பு டப்பாவுக்கு வெளியே இருக்கும் காலி. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தாலும் நடுவில் டப்பாவின் சுவர் இருப்பதால் சேராது. முதலில் டப்பாவின் அளவை மாற்ற வேண்டும். டப்பாவுக்குள் ஒன்றுமே இல்லை என்றால் வெளிர் பச்சையில் ரைட் கிளிக் செய்து டெலிட் பார்ட்டிஷன் கொடுங்கள், டப்பாவே போய் எல்லாம் கறுப்பாகிவிடும்.

புத்தம் புது 4 டிபி டிஸ்க் வாங்கிப் போட்டதுமே 2048 ஜிபி ஒன்று, 1678 ஜிபி ஒன்று என்று இரண்டு அன்அலோகேட்டட் தெரிகிறதா? இங்கே நடுவில் யாரும் உட்காரவில்லை, சிக்கல் எம்பிஆர்தான். அது 32 பிட் எண்ணில் செக்டரை எண்ணுவதால் 512 பைட் செக்டர் கணக்கில் 2 டிபி-க்கு மேல் எட்டாது. எந்த மென்பொருளாலும் அதை எம்பிஆராக வைத்துக்கொண்டே சேர்க்க முடியாது. டிஸ்க் காலியாக இருக்கும்போதே இடது ஓரத்தில் டிஸ்க் 1 என்று எழுதியிருக்கும் சாம்பல் நிறக் கட்டத்தில் ரைட் கிளிக் செய்து கன்வெர்ட் டு ஜிபிடி (எம்பிஆருக்குப் பதிலாக வந்த புதிய முறை) கொடுங்கள், வேலை பத்து வினாடியில் முடிந்தது. பார்ட்டிஷன் ஏதாவது இருந்தால் அந்த மெனு மங்கலாக இருக்கும். உள்ளே இருப்பதை வேறெங்காவது எடுத்து வைத்துவிட்டு, பார்ட்டிஷன்களை அழித்துவிட்டுத்தான் மாற்ற முடியும்.

இரண்டு காலி இடங்களும் வேறு வேறு டிஸ்க்கில் இருந்தால் (டிஸ்க் 0-வில் ஒன்று, டிஸ்க் 1-இல் ஒன்று) இந்த வழிகாட்டி உதவாது. நகர்த்திச் சேர்ப்பது ஒரே டிஸ்க்குக்குள் மட்டும்தான். அப்புறம், ஒரு எம்பி, இரண்டு எம்பி அளவில் ஆங்காங்கே காலி தெரிந்தால் விட்டுவிடுங்கள். பார்ட்டிஷன்கள் ஒரு எம்பி எல்லையில் தொடங்க வேண்டும் என்பதற்காக விடப்பட்ட சந்து அது, அதைச் சேர்த்து யாரும் பணக்காரர் ஆனதில்லை.

சேர்ப்பது உண்மையிலேயே தேவையா என்றும் ஒரு நிமிடம் யோசியுங்கள். விண்டோஸின் எக்ஸ்டெண்ட் வால்யூம் வலப்பக்கம் ஒட்டியிருக்கும் காலி இடத்தை எடுத்துக்கொள்ளும். எங்கள் லேப்டாப்பில் சி-க்கு வலப்பக்கம் 150 ஜிபி ஒட்டித்தான் இருந்தது. சி-யைப் பெரிதாக்குவதுதான் நோக்கம் என்றால் சி-யில் ரைட் கிளிக், எக்ஸ்டெண்ட் வால்யூம், நெக்ஸ்ட், ஃபினிஷ், அவ்வளவுதான், டீ ஆறுவதற்குள் முடிந்திருக்கும். அக்கா மகனுக்கு வீடியோ எடிட்டிங்குக்கு ஒரே பெரிய டிரைவ் வேண்டுமாம், அதனால் நீண்ட வழி.

கை வைப்பதற்கு முன்

பேக்கப். இதைப் பற்றி எல்லோரும் சொல்லி எல்லோரும் கேட்காமல் விடுவதால் நான் ஏன் சொல்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பார்ட்டிஷனை நகர்த்துவது என்றால் ஒவ்வொரு பிளாக்காகப் படித்து, அதே டிஸ்க்கில் கொஞ்சம் தள்ளி எழுதுவது. பாதியில் நின்றால் பாதி பழைய இடத்தில், பாதி புதிய இடத்தில். பல வருடங்களுக்கு முன் பாட்டரி செத்துப்போன ஒரு லேப்டாப்பில் இதைச் செய்துகொண்டிருந்தேன், அறுபது சதவீதத்தில் கரண்ட் போனது, ஒரு குடும்பத்தின் கல்யாண வீடியோவும் போனது. மென்பொருளின் மேல் தப்பில்லை, பேக்கப் எடுக்காத என் மேல்தான் தப்பு. அன்றிலிருந்து, நகர்த்தப்போகும் பார்ட்டிஷனில் இருக்கும் முக்கியமானவற்றின் நகல் வெளியே எங்காவது இல்லாமல் நான் ஆரம்பிப்பதில்லை. டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் வேண்டும், அதுவும் மணிக்கணக்கில் தாங்காது என்பதால் மின்தடை அறிவிப்பு வந்த நாளில் வேண்டாம். லேப்டாப் என்றால் பாட்டரி நல்ல நிலையில் இருக்க வேண்டும், சார்ஜரும் சொருகியிருக்க வேண்டும்.

டிஸ்க்கின் உடல்நிலையையும் பாருங்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் நீலத்தில் குட் என்று காட்டினால் சரி. மஞ்சளில் காஷன் என்று காட்டினால் அந்த டிஸ்க்கில் இருப்பதை எடுத்துக்கொண்டு புது டிஸ்க்குக்குப் போவதுதான் வழி; மணிக்கணக்கில் படித்து எழுதச் சொன்னால் நோயாளியை மாடிப்படி ஏறச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

டிரைவில் இருப்பதைக் கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் பிட்லாக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். நான் எதுவும் ஆன் செய்யவில்லையே என்பீர்கள், ஆனால் பல லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே நுழைந்ததுமே டிவைஸ் என்கிரிப்ஷன் தானாக ஆன் ஆகியிருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்டில் டிரைவ் பெயருக்குக் கீழே பிட்லாக்கர் என்கிரிப்டட் என்று எழுதியிருந்தால், நகர்த்தப்போகும் டிரைவில் அதை முழுமையாக அணைத்து, டிகிரிப்ட் ஆகி முடியும் வரை காத்திருங்கள். சி-யில் இருந்தால் அதன் ரெகவரி கீயைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த கீ அதே லேப்டாப்பில் மட்டும் இருந்து பிரயோஜனம் இல்லை.

கடைசியாக ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸில் ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுதாக அணைவதில்லை, பாதி தூக்கத்தில் இருக்கும், என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை) டிரைவ்களும் திறந்தபடியே இருக்கும். அந்த நிலையில் வெளியிலிருந்து பார்ட்டிஷனைத் தொட்டால் ஆபத்து. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ என்ற இடத்தில் டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள். அவசரத்துக்கு ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுத்தாலும் முழுதாக அணையும்.

சுலபமான வழி: தூக்கி வெளியே வை, அழி, புதிதாகப் போடு

வெளி ஹார்ட் டிஸ்க்கில் டி டிரைவில் உள்ளது முழுக்கப் பிடிக்கும் என்றால் நகர்த்தவே வேண்டாம். எப்படியும் பேக்கப் எடுக்கச் சொல்கிறேன், எடுத்த பிறகு டி-யை அங்கேயே ஏன் வைத்திருக்க வேண்டும்? எல்லாவற்றையும் வெளியே காப்பி செய்து, நாலைந்து பெரிய ஃபைல்களைத் திறந்து ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, டிஸ்க் மேனேஜ்மென்டில் டி-யில் ரைட் கிளிக், டெலிட் வால்யூம். அந்தக் கணமே இடப்பக்கக் காலி, டி இருந்த இடம், வலப்பக்கக் காலி மூன்றும் ஒரே கறுப்புப் பட்டையாகிவிடும். அதில் ரைட் கிளிக், நியூ சிம்பிள் வால்யூம். எவ்வளவு வேண்டும், என்ன எழுத்து, என்டிஎஃப்எஸ், குயிக் ஃபார்மட் என்று கேட்டுக்கொண்டே போகும். பழையபடி டி என்ற எழுத்தையே கொடுங்கள், குறுக்குவழிகள் எல்லாம் முன்போலவே வேலை செய்யும்.

மென்பொருள் எதையும் இறக்க வேண்டியதில்லை, கரண்ட் போனாலும் காப்பியைத் திரும்ப ஆரம்பித்தால் போதும். பத்தில் எட்டுப் பேருக்கு நான் இதைத்தான் சொல்வேன். இரண்டு விஷயம் மட்டும் கவனம்: டி-யில் கேம்களோ மென்பொருள்களோ இன்ஸ்டால் செய்திருந்தால் காப்பி செய்து திரும்ப வைத்ததும் எல்லாமே ஓடும் என்று சொல்ல முடியாது, சிலதைத் திரும்ப இன்ஸ்டால் செய்ய வேண்டிவரும். இன்னொன்று, டெலிட் கொடுக்கும் முன் எந்தப் பட்டையில் நிற்கிறீர்கள் என்று இரண்டு முறை பாருங்கள்.

நகர்த்தும் வழி: ஜிபார்ட்டட்

அக்கா மகனிடம் அவ்வளவு பெரிய வெளி டிஸ்க் இல்லை, டி-யில் இருந்த 120 ஜிபி-யில் முக்கியமான போட்டோக்களை மட்டும் ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொண்டான், மீதி போனால் போகட்டும் என்றான். அதனால் நகர்த்தினோம். விண்டோஸுக்குள்ளேயே ஓடும் மினிடூல், ஈஸ்அஸ், ஏஓஎம்இஐ மாதிரியான மென்பொருள்களும் இதைச் செய்யும், பார்க்க அழகாகவும் இருக்கும், ஆனால் இலவசப் பதிப்பில் எதைச் செய்ய விடும் எதற்குப் பணம் கேட்கும் என்பது அடிக்கடி மாறும். ஜிபார்ட்டட் முழு இலவசம், விண்டோஸுக்கு வெளியே ஓடுவதால் திறந்திருக்கும் ஃபைல் என்ற தொல்லையும் இல்லை.

ஜிபார்ட்டட் லைவ் ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி, ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் ஒரு பென்டிரைவில் எழுதிக்கொள்ளுங்கள் (அந்தப் பென்டிரைவில் இருப்பது அழிந்துவிடும், போட்டோ வைத்திருக்கும் பென்டிரைவை எடுத்துச் சொருகிவிடாதீர்கள், நாங்கள் கிட்டத்தட்ட சொருகிவிட்டோம்). பென்டிரைவிலிருந்து பூட் செய்யுங்கள். தொடக்கத்தில் விசைப்பலகை, மொழி என்று கேட்கும், எல்லாவற்றுக்கும் என்டர் தட்டினாலே போதும்.

ஜிபார்ட்டட் திறந்ததும் வலது மேல் மூலையில் எந்த டிஸ்க் என்று காட்டும். அளவைப் பார்த்து உங்கள் டிஸ்க்தான் என்று உறுதி செய்யுங்கள், பென்டிரைவும் அந்தப் பட்டியலில் இருக்கும். எங்களுடையது மாதிரி குளோன் செய்த டிஸ்க் என்றால் "டிஸ்க்கின் முழு இடமும் பயன்படவில்லை, ஜிபிடி-யைச் சரி செய்யவா" என்று கேட்கலாம். ஜிபிடி தன் அட்டவணையின் நகல் ஒன்றை டிஸ்க்கின் கடைசியில் வைத்திருக்கும், குளோன் செய்தபோது அது பழைய 750 ஜிபி எல்லையிலேயே நின்றுவிட்டது, அதனால்தான் கேட்கிறது. ஃபிக்ஸ் கொடுங்கள்.

விண்டோஸில் தெரியாத ஒரு 16 எம்பி பார்ட்டிஷன் இங்கே இஎஃப்ஐ-க்குப் பக்கத்தில் தெரியும். எம்எஸ்ஆர் என்று பெயர், விண்டோஸ் தனக்காக ஒதுக்கியது. தொடாதீர்கள். சி-யின் தொடக்கத்தையும் தொடாதீர்கள். சி வலப்பக்கம் வளர்வதில் பிரச்சினை இல்லை, ஆனால் அதன் தொடக்கப் புள்ளி நகர்ந்தால், அதிலும் எம்பிஆர் டிஸ்க்கில், விண்டோஸ் பூட் ஆகாமல் நிற்க வாய்ப்பு அதிகம். அதனால் திட்டம் போடும்போதே எப்போதும் சி அசையாதபடி போடுங்கள். எங்கள் திட்டம்: டி-யை இடப்பக்கம் 150 ஜிபி தள்ளி சி-யோடு ஒட்டுவது, ரெகவரியை வலப்பக்கம் தள்ளி டிஸ்க்கின் கடைசிக்கு அனுப்புவது. நடுவில் 150, 48, 233 மூன்றும் சேர்ந்து 431 ஜிபி விழும்.

இங்கே நேரத்தை மிச்சப்படுத்தும் ஒரு வேலை இருக்கிறது. ஜிபார்ட்டட் நகர்த்தும்போது பார்ட்டிஷனில் காலியாக இருக்கும் பகுதியையும் சேர்த்தே நகர்த்துகிறது. 300 ஜிபி டி-யில் 120 ஜிபிதான் நிறைந்திருக்கிறது என்றாலும் 300 ஜிபி-யும் படித்து எழுதும். லேப்டாப் ஹார்ட் டிஸ்க் ஒரே தட்டில் படித்து எழுத வேண்டியிருப்பதால் வினாடிக்கு 50 எம்பி கிடைத்தாலே பெரிது, அந்தக் கணக்கில் 300 ஜிபி-க்கு ஒன்றே முக்கால் மணி நேரம். முதலில் டி-யை 140 ஜிபி-க்குச் சுருக்கி, நகர்த்தி, பிறகு திரும்ப 300-க்கு வளர்த்தால் நகர்த்தும் நேரம் முக்கால் மணி, ஐம்பது நிமிடத்துக்கு இறங்கிவிடும். சுருக்குவதற்கும் கொஞ்ச நேரம் பிடிக்கும், அப்படியும் லாபம்தான்.

டி-யின் மேல் ரைட் கிளிக், ரீசைஸ் மூவ். வரும் பெட்டியில் மூன்று எண்கள்: முன்னால் காலி, புதிய அளவு, பின்னால் காலி, எல்லாம் எம்பி கணக்கில். புதிய அளவில் 143360 (அதாவது 140 ஜிபி) போடுங்கள், முன்னால் காலி எண் மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பொத்தானை அழுத்தியதும் எதுவும் நடக்காது, வரிசையில் நிற்கும். மேலே பச்சை டிக், அதுதான் அப்ளை. அதை அழுத்திச் சுருக்கலை முடித்துவிடுங்கள். பிறகு மறுபடி ரீசைஸ் மூவ், முன்னால் காலியில் 0. பார்ட்டிஷனை நகர்த்தினால் பூட் ஆகாமல் போகலாம் என்று ஒரு எச்சரிக்கை வரும், டி-யில் விண்டோஸ் இல்லை என்பதால் தொடரலாம். அப்ளை. இது முடிந்ததும் மூன்றாவது முறை, புதிய அளவு 307200, அப்ளை. மூன்றையும் வரிசையில் நிறுத்திவிட்டு ஒரே அப்ளை கொடுத்தால் என்ன என்று தோன்றும். ஒரே பார்ட்டிஷனில் அடுத்தடுத்து வரும் மாற்றங்களை ஜிபார்ட்டட் ஒன்றாகச் சேர்த்துவிடலாம், சுருக்கி வளர்த்தது எல்லாம் ரத்தாகி வெறும் 300 ஜிபி நகர்த்தலாக நிற்கும். அதனால் தனித்தனி அப்ளை.

ஓடும்போது மீதி நேரம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், நம்ப வேண்டாம். தொங்கிவிட்டது என்று நினைத்து பவர் பட்டனை அழுத்திவிடாதீர்கள். டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது.

எம்பிஆர் டிஸ்க்காக இருந்து, டி அந்த எக்ஸ்டெண்டட் டப்பாவுக்குள் இருந்தால் ஒரு படி கூடுதல்: முதலில் டப்பாவை ரீசைஸ் செய்து இடப்பக்கக் காலியை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும், அதன் பிறகுதான் உள்ளே இருக்கும் டி நகரும். உள்ளே லினக்ஸ் ஸ்வாப் இருந்து சாவிப் படம் தெரிந்தால், அதில் ரைட் கிளிக் செய்து ஸ்வாப்ஆஃப் கொடுத்தால்தான் டப்பா அசையும்.

அந்த அரை ஜிபி ரெகவரி

எல்லோருக்கும் எரிச்சல் தருவது இதுதான். நானூறு ஜிபி-க்கு நடுவில் அரை ஜிபி உட்கார்ந்துகொண்டு வழி விடாது. இதைத்தான் முதலில் அழித்துவிடத் தோன்றும். அழித்தாலும் விண்டோஸ் ஓடும், ஆனால் என்றைக்காவது விண்டோஸ் பூட் ஆகாமல் நின்றால் அதைச் சரி செய்ய வரும் நீலத்திரை மெனு இதற்குள்தான் இருக்கிறது. 2024 ஜனவரியில் ஒரு விண்டோஸ் 10 பாதுகாப்பு அப்டேட், இந்தப் பார்ட்டிஷனில் போதுமான இடம் இல்லாமல் பல கணினிகளில் 0x80070643 என்ற பிழையோடு நின்றது ஞாபகம் இருக்கலாம். அழிக்காமல் நகர்த்துங்கள், அரை ஜிபிதான், ஒரு நிமிட வேலை.

இருக்கும் இடத்தைக் குறித்து வைத்திருக்கும் விண்டோஸ், நகர்த்திய பிறகு இதைக் காணாமல் தேடலாம். அதனால் ஜிபார்ட்டட்டுக்குப் போகும் முன்பே, விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ரீஏஜென்ட்சி என்ற கட்டளையை டிஸேபிள் என்ற ஸ்விட்ச்சோடு (reagentc /disable) கொடுங்கள். ரெகவரிக்கான ஃபைல் சி-க்குள் வந்து பத்திரமாக இருக்கும். பிறகு ஜிபார்ட்டட்டில் ரெகவரியை ரீசைஸ் மூவ் செய்து, பின்னால் காலி 0 என்று போட்டு அப்ளை. எல்லாம் முடிந்து விண்டோஸுக்குத் திரும்பியதும் அதே கட்டளை, இந்த முறை எனேபிள் (reagentc /enable). இன்ஃபோ என்ற ஸ்விட்ச்சோடு (reagentc /info) கொடுத்தால் எனேபிள்ட் என்று காட்டுகிறதா, எந்தப் பார்ட்டிஷனில் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

சி-யைப் பெரிதாக்க நினைக்கும் பலருக்கும் இதே ரெகவரிதான் முட்டுக்கட்டை, ஏனென்றால் புதிய விண்டோஸ் இன்ஸ்டால்களில் அது சி-க்கு வலப்பக்கம் ஒட்டி உட்கார்ந்திருக்கும். வழி இதேதான்: ரெகவரியை வலக்கோடிக்குத் தள்ளுங்கள், காலி இடம் சி-யோடு ஒட்டும், பிறகு விண்டோஸிலேயே எக்ஸ்டெண்ட்.

விண்டோஸுக்குத் திரும்பியதும்

பென்டிரைவை உருவிவிட்டு விண்டோஸைத் திறங்கள். டி-யில் டிஸ்க் சோதனை ஓடலாம், கருந்திரையில் சதவீதம் காட்டும், தவிர்க்காமல் விடுங்கள். உள்ளே போனதும் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுத்துத் திரும்ப வாருங்கள். டி என்ற எழுத்து மாறியிருந்தால் சேஞ்ச் டிரைவ் லெட்டரில் பழையதையே கொடுங்கள். போட்டோ, வீடியோ சிலவற்றைத் திறந்து பாருங்கள்.

இப்போது டிஸ்க் மேனேஜ்மென்டில் சி, டி, 431 ஜிபி கறுப்புப் பட்டை ஒன்று, கடைசியில் ரெகவரி. பட்டையில் நியூ சிம்பிள் வால்யூம் கொடுத்துப் புது டிரைவாக்குங்கள், இல்லையென்றால் டி-யில் எக்ஸ்டெண்ட் கொடுத்து அதோடு சேருங்கள். எக்ஸ்டெண்ட் மங்கலாகவே இருந்தால் டி-யின் ஃபைல் சிஸ்டம் என்ன என்று பாருங்கள், எஃப்ஏடி32, எக்ஸ்ஃபேட் இரண்டையும் விண்டோஸ் இந்த வழியில் வளர்க்காது.

எதையும் நகர்த்தாமல் ஒப்பேற்ற

அவ்வளவு ரிஸ்க் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, ஏனோ அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை. டி-யில் வீடியோ என்று ஒரு காலி ஃபோல்டர் போடுங்கள். சிதறிய காலி இடத்தில் நியூ சிம்பிள் வால்யூம் போடும்போது, எழுத்து கொடுக்கும் திரையில் மவுன்ட் இன் த ஃபாலோயிங் எம்ப்டி என்டிஎஃப்எஸ் ஃபோல்டர் என்ற வரியைத் தேர்ந்து அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். பார்க்க அது டி-க்குள் இருக்கும் ஒரு ஃபோல்டர்தான், ஆனால் உள்ளே வைப்பது எல்லாம் அந்தத் தனிப் பார்ட்டிஷனுக்குப் போகும். ஒரே பார்ட்டிஷன் இல்லைதான், ஒரு ஃபைல் பட்டையின் அளவைத் தாண்டவும் முடியாது, ஆனால் ஒரு பைட்கூட நகர்த்தவில்லை.

டைனமிக் டிஸ்க்காக மாற்றினால் தனித்தனி காலி இடங்களையும் ஒரே டிரைவாகக் காட்ட முடியும், டிஸ்க் மேனேஜ்மென்ட்டே சில சமயம் "மாற்றவா" என்று கேட்கும். வேண்டாம் என்பது என் கருத்து. மைக்ரோசாஃப்ட்டே அதைக் கைவிட்ட பட்டியலில் போட்டுவிட்டது, டேட்டாவை இழக்காமல் பேசிக் என்னும் சாதாரண டிஸ்க்குக்குத் திரும்ப விண்டோஸில் வழியும் இல்லை.

லினக்ஸ்காரர்களுக்கு இந்தத் தலைவலி இருக்க வேண்டியதே இல்லை. எல்விஎம் (சிதறிய இடங்களைத் தொகுத்துக் கொடுக்கும் லினக்ஸ் வசதி) போட்டிருந்தால் ஒவ்வொரு காலி இடத்திலும் ஒரு பார்ட்டிஷன் போட்டு, எல்லாவற்றையும் ஒரே வால்யூம் குரூப்பில் சேர்த்து, லாஜிக்கல் வால்யூமை வளர்த்துவிடலாம், எங்கெங்கே சிதறிக் கிடந்தாலும் அதற்குக் கவலை இல்லை.

நடுவில் ஏதாவது ஆகிவிட்டால்

பார்ட்டிஷனைத் தவறுதலாக அழித்துவிட்டால் உடனே கையை எடுங்கள். அழிந்தது அட்டவணையில் ஒரு வரி மட்டும்தான், ஹார்ட் டிஸ்க் என்றால் உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். அந்த இடத்தில் புது வால்யூம் போடாமல், ஃபார்மட் செய்யாமல், டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டால் பெரும்பாலும் அந்த வரியைத் திரும்ப எழுதிக் கொடுத்துவிடும். எஸ்எஸ்டி-யில் மட்டும் இந்த நம்பிக்கையை அதிகம் வைக்காதீர்கள், டிரிம் (அழித்த இடத்தை எஸ்எஸ்டி துடைத்து வைக்கும் வேலை) ஓடிவிட்டால் உள்ளே இருந்ததும் போய்விடும்.

விண்டோஸ் பூட் ஆகவில்லை என்றால் விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும் பென்டிரைவிலிருந்து பூட் செய்து, ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர் வழியாக ஸ்டார்ட்அப் ரிப்பேர் கொடுங்கள். நகர்த்தும்போதே கரண்ட் போயிருந்தால், திரும்ப அதே நகர்த்தலை ஓட்டிப் பார்க்காதீர்கள், அது ஏற்கெனவே எழுதிய பகுதியின் மேல் மறுபடி எழுதும். பேக்கப் இருந்தால் அந்தப் பார்ட்டிஷனை அழித்துவிட்டுச் சுலபமான வழியில் திரும்பக் கட்டிக்கொள்ளுங்கள், அழித்ததும் காலி இடங்களும் சேர்ந்துவிடுமே.

அக்கா மகனுடையது எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. 431 ஜிபி டிரைவுக்கு எஃப் என்று எழுத்து கொடுத்தான், இ-யை டிவிடி டிரைவ் பிடித்து வைத்திருந்தது.